ஐஸ் பெட்டிக்கு ஒரு பெல்ட்

நாலாவது ஒத்திகையும் கச்சிதமாக முடிந்து, கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டு, அவன் ஸ்டீயரிங்கில் கைவைத்து "ஆச்சு" என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் பின்சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அப்பா, டாட்டா காட்டுறதை நாம ஒத்திகை பாக்கவே இல்லையே."

பேசியது பெரியவள். ஆறு வயது. அப்பா போடும் பட்டியல்களில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவள். அவளுக்கு அந்தப் பக்கம், மூன்று வயது வாண்டு தன் குழந்தை இருக்கையில் பட்டை பட்டையாகக் கட்டப்பட்டு, அனுப்பத் தயாரான பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"யாருக்குடா செல்லம் டாட்டா?"

"அம்மாவுக்கு."

அவன் சிரித்தான். சிரித்தபடியே பக்கத்து சீட்டைப் பார்த்தான். அங்கே நீல மூடி போட்ட ஐஸ் பெட்டி இருந்தது. பால், பழம், பன்னிரண்டு தண்ணீர் பாட்டில், எல்லாம் உள்ளே. சும்மா இருக்கவில்லை, பெல்ட் போட்டுக்கொண்டு சம்மணமாக இருந்தது. பின்னால் திரும்பினான். இரண்டு குழந்தை இருக்கைகளுக்கும் நடுவில் மாற்றுத் துணிப் பை, அதன் மேல் துண்டுகள், அதன் மேல் வாந்தி வந்தால் பிடிக்கிற சிவப்பு வாளி. அதற்கும் பின்னால் இரண்டு பெட்டிகள், வாண்டு உட்கார்ந்து காரியம் முடிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. மறுபடி முன்னால் பார்த்தான். குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், மூன்றாவது தூண் பக்கத்தில், கையில் ஸ்டாப்வாட்சோடு அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். "நாலு நிமிஷம் பத்து செகண்ட். போன தடவையைவிட இருபது செகண்ட் கம்மி," என்றாள். ஸ்டாப்வாட்சை அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிள்ளைகளைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு படியேறிப் போய்விட்டாள்.

நாளை சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்குப் பயணம்.

அவனைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஈவிரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதற்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேண்டும்; அது அவனிடம் கிடையாது. பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிற உத்தியோகம். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவன்தான் எழுதுவான். எத்தனை மணிக்கு வரும் என்பதை பஸ்தான் முடிவு செய்யும். ஒருமுறை ஓர் ஓட்டுநர் அரைநிமிஷம் முன்னதாகக் கிளம்பிவிட்டார் என்று ஒரு முழுப்பக்கக் குறிப்பு எழுதினான். அன்றிலிருந்து டிப்போவில் அவனுக்கு அரைநிமிஷம் என்றே பெயர். "அரைநிமிஷம் வர்றாரு, கையில இருக்கிற டீயைக் குடிச்சுடுங்க" என்பார்கள்.

இந்தப் பயணம் மனைவியின் அக்காவைப் பார்ப்பதற்காக. அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து நாலு வருஷமாகிவிட்டது. வாண்டை அந்தப் பெரியம்மா இதுவரை போனில்தான் கொஞ்சியிருக்கிறாள். ஐந்து வாரத்துக்கு முன் அக்காவுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் நடக்கிறாள். அதைக் கேட்ட அன்று மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல், "போயிட்டு வரலாமாங்க?" என்று கேட்டாள். அவள் அவனிடம் எதையும் அப்படிக் கேட்பவள் இல்லை. அவன் மனசு இளகிவிட்டது. வேறொருவனாக இருந்தால் தோளைத் தொட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பான். இவன் கோடு போட்ட காகிதம் எடுத்தான்.

ஏழு பக்கம். சொந்தப் பிள்ளைகள் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று ஒன்பது நாள் குறித்து, சராசரி எடுத்து, அதன்படி நிறுத்தங்கள் போட்டான். வாண்டு எத்தனை திருப்பத்துக்கு அப்புறம் வெளிறும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு வைத்திருந்தான். பிறகு ஒத்திகைகள். புது வழித்தடம் திறக்கும்போது டிப்போவில் வெள்ளோட்டம் விடுவார்கள் அல்லவா, அதே மாதிரி. வெள்ளோட்டத்தில் ஓர் ஆள் நேரம் குறித்துக்கொண்டு நிறுத்தத்திலேயே நிற்பார். அவர் பஸ்ஸில் ஏற மாட்டார். ஏறினால் நேரம் குறிப்பது யார்? அந்த வாட்சைத்தான் அவன் முதல் நாளே மனைவி கையில் கொடுத்திருந்தான்.

இப்போது அந்த ஏழு பக்கங்களையும் எடுத்துப் புரட்டினான். அவள் எங்கேயாவது இருப்பாள். இல்லாமல் எப்படி?

நாலு பத்தி போட்டிருந்தான். பெரியவள், வாண்டு, ஓட்டுநர், வண்டி. வண்டிக்குக்கூட ஒரு பத்தி இருந்தது. எங்கே பெட்ரோல், எங்கே டயருக்குக் காற்று, எங்கே எஞ்சின் ஆற அரைமணி நேரம். ஓரத்தில் குறிப்புகள். 'ஏழு இருபது: வாண்டுக்குப் பால் கொடுக்கப்படும்.' 'எட்டு ஐந்து: பெரியவளுக்குக் கதை சொல்லப்படும்.' 'வாளி கழுவப்படும்.' கொடுப்பது யார், சொல்வது யார், கழுவுவது யார் என்று ஒரு வரியிலும் இல்லை. படிக்கப் படிக்க அவனுக்குப் பின்கழுத்து ஜில்லென்றது. பதினோரு மணி நேரத்துக்கு ஓர் ஆவி கூட வரப்போவதாகத்தான் அந்தத் திட்டம் சொன்னது.

"அப்பா, வேர்க்குது," என்றாள் பெரியவள்.

அப்போதுதான் போன் அடித்தது. மனைவியின் அக்கா.

அவள் எடுத்த எடுப்பில் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்திலேயே படுக்கை போட்டிருப்பதைச் சொன்னாள். வாண்டு எந்தப் பால் குடிக்கும் என்று கேட்டாள். தன் ஊன்றுகோலுக்குத் தன் வீட்டுக்காரரின் பெயரையே வைத்திருப்பதைச் சொன்னாள். சொல்லி, தானே சிரித்து, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவதான் வரலைன்னுட்டா. பரவால்ல தம்பி, பிள்ளைங்களையாவது கண்ணால பாக்குறேனே."

"யாருக்கா வரலைன்னா?"

"என்ன தம்பி, வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா? ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாளே. வண்டியில இடமில்லக்கான்னா. ஏண்டி, லாரியிலயா வர்றாருன்னு கேட்டேன். சிரிச்சா. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்."

அவன் ஏதோ பதில் சொன்னான். போனை வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக மூன்றாவது தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஒத்திகை.

பிள்ளைகளை ஏற்றத்தான் நாலு ஒத்திகை நடந்திருந்தது. இறக்குவதற்கு ஒன்றுகூட நடக்கவில்லை. பதினைந்து நிமிஷம் ஆனது. பெரியம்மா வீடு வந்துவிட்டது என்று வாண்டு முடிவு செய்து, பெரியம்மா எங்கே என்று தூண் தூணாகத் தேடியது. ஒருவழியாக இரண்டையும் மேலே கொண்டுபோய், பொம்மைகளுக்கு நடுவில் விட்டுவிட்டு, அவன் சாப்பாட்டு மேஜைக்கு வந்தான்.

அவள் அங்கே உட்கார்ந்து நாளைய மாணவர் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். காலை முதல் மாலை வரை, ஓட்டத் தெரியாத யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக் காரிலும் விடாது. இவன் ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கால் தானாக, கீழே விரித்திருக்கும் ரப்பர் மிதியடியை அழுத்தும். "அங்க பிரேக் இல்லம்மா," என்பான் இவன். எட்டு வருஷமாக அதே நகைச்சுவை. முதல் வருஷம் அவளும் சிரித்தாள்.

பட்டியலில் ஆறு பெயர் இருந்ததை அவன் பார்த்தான். விடுமுறை எடுத்தவள் பட்டியல் எழுத மாட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "எது?"

"வண்டியில இடம் இல்லைங்கறது."

"முதல் தடவையே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "மறந்துட்டீங்க, ரெண்டாவது தடவை ஞாபகம் வந்துடும்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை அந்த சீட்ல ஐஸ் பெட்டியைத் தூக்கி வச்சீங்க. சரி, மூணாவது தடவைக்கு எடுத்துடுவீங்கன்னு பாத்தேன்." பேனாவை மூடினாள். "அதுக்கு பெல்ட் போட்டீங்க."

"பெல்ட் போடலைன்னா வண்டி கீ கீன்னு கத்துதும்மா. பெட்டி கனம் இல்லையா, ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சுக்குது."

உண்மைதான். உலகத்தில் உள்ள உண்மைகளில் அந்த நேரத்தில் சொல்லக் கூடாத ஒரே உண்மை.

"ஆமா," என்றாள் அவள். "வண்டி கத்துச்சு, போட்டீங்க. நான் கத்தலை."

அடுத்த அறையில் வாண்டு எதையோ போட்டு உடைத்தது. இருவரும் அசையவில்லை.

"சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை."

"சொன்னா குடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா. ஆனா, கேட்டு வாங்குற சீட்ல அறுநூத்து நாப்பது கிலோமீட்டர் என்னால உக்காந்து வர முடியாதுங்க. நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அக்கா ஆசையா இருக்கா. நான் அப்புறமா ஒரு நாள் போய்க்கிறேன்."

அப்புறமா ஒரு நாள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லாத நாள். அது அவனுக்குத் தெரியும். தினமும் பஸ் கேட்டு டிப்போவுக்கு வருகிறவர்களிடம் அவன் சொல்லுகிற பதில் அதுதான்.

"பெட்டியை எடுத்துடறேன்," என்று எழுந்தான். கீழே இறங்கி ஓடினான் என்றே சொல்லலாம்.

பெல்ட்டைக் கழற்றி, பெட்டியைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தான். வெளியே வரும்போது பெட்டியின் மூலை மிதியடியில் சிக்கி அதையும் பாதி தூக்கிக்கொண்டு வந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மிதியடியைச் சரிசெய்யக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

மிதியடியில் ஓர் ஓட்டை. வலப்பக்கம், கால்விரல்கள் படுகிற இடத்தில், ரப்பர் தேய்ந்து, நூல் தெரிந்து, நூலும் அறுந்து, கீழே காரின் தகரம் பளபளவென்று தெரிந்தது. ஓட்டுகிறவனுக்கு பிரேக் மேல் கால் எங்கே இருக்குமோ, சரியாக அதே இடம்.

அவன் உள்ளே ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தான். தகரம் குளிர்ச்சியாக இருந்தது. கைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. முன்னால் கண்ணாடி மட்டும் பெரிதாக இருந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு, ஸ்டீயரிங் இன்னொருத்தன் கையில் இருக்க, பின்னால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, திருப்பம் வந்தால் என்ன செய்வது? இதைத்தான் செய்யலாம். இதைத் தவிர எதையும் செய்ய முடியாது.

அடுத்து அவனுக்கு நினைவு வந்ததுதான் அவனைத் தூக்கிப்போட்டது. மூன்றாவது ஒத்திகையன்று பிள்ளைகளோடு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். பக்கத்தில் ஐஸ் பெட்டி. பெட்டி காலை உதறவில்லை, மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, "முன்னாடி சைக்கிள்" என்று சொல்லவில்லை. அப்போது 'அப்பாடா' என்று தோன்றியது. அந்த அப்பாடாவை அவன் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தான். இப்போது அது முழு உருவத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மிதியடியை உருவி எடுத்துக்கொண்டு மேலே போனான். ஒரு கையில் மிதியடி, காலில் செருப்பு இல்லை. படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

மேஜைமேல் வைத்தான்.

"சாப்பிடுற இடத்துல என்னங்க இது," என்றாள்.

"இதை இப்பதான் பாத்தேன்."

"அது ஓட்டையாகி ரெண்டு வருஷமாச்சு."

"நான் மறக்கலைம்மா. மறந்திருந்தாகூடப் பரவால்ல. நீ பக்கத்துல இல்லாம ஓட்டறது எனக்கு சுகமா இருந்துச்சு. அதனாலதான் என் கண்ணு அந்த சீட்டுப் பக்கமே போகலை. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. கீழ உக்காந்திருக்கும்போதுதான்."

முதல் தடவையாக அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இத்தனை நேரம் அவனுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த அடி இப்போது அவள் மேலும் விழுந்தது தெரிந்தது. மறந்துவிட்டார் என்பதைத் தாங்கிக்கொள்ள அவள் ஆறு நாள் எடுத்துத் தயாராகியிருந்தாள். இதற்கு அவளிடம் தயாரிப்பு இல்லை. மிதியடியை மெல்லத் தன் பக்கம் இழுத்து, ஓட்டையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு அழுத்தியிருக்கேனா," என்றாள். அவனிடம் சொல்லவில்லை.

அவன் அந்த நேரத்தில் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் காகிதம் தேடியிருப்பான். "நீ ஓட்டு," என்றான்.

"என்னது?"

"நாளைக்கு. போறப்பவும் வர்றப்பவும் நீயே ஓட்டு. நான் அங்க உக்காறேன்."

ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். வீட்டுக் காரை ஓட்டுகிறவன் அவன். ஏன் அப்படி என்று எட்டு வருஷத்தில் இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள், உரிமம் வாங்கவந்த புது ஆளைப் பார்ப்பது போல.

"காலையில ரெண்டு பேருக்கு டெஸ்ட் இருக்கு," என்றாள். "வர்றேன்னு சொல்லிட்டேன். அவங்களை விட்டுட்டு வர முடியாது. பத்தரைக்கு முன்னாடி கிளம்ப முடியாது."

ஐந்து மணிக்குத் தொடங்கும் ஏழு பக்கங்கள் அவன் தலைக்குள் வரிசையாகச் சரிந்தன. பால் சரிந்தது, வாத்து சரிந்தது, டயர் காற்று சரிந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது. வழியில் எங்கோ தங்க வேண்டும். எங்கே என்று அட்டவணையில் இல்லை.

"பத்தரை," என்றான்.

"பதினொண்ணாகூட ஆகலாம். சொல்ல முடியாது."

அவன் தலையாட்டினான். "ஆகட்டும்."

அவள் பேனாவைத் திறந்து, ஆறு பெயர்களில் நாலு பெயருக்கு நேராக அடுத்த வாரம் என்று எழுதினாள். முதலாளிக்கு அவளே போன் செய்தாள். அக்காவுக்கும் செய்தாள். "இடம் கிடைச்சிடுச்சுக்கா," என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, "லாரி இல்லக்கா, கார்தான்," என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மறுநாள் பத்து ஐம்பத்திரண்டுக்கு வண்டி நகர்ந்தது. டெஸ்ட்டில் ஒருவர் பாஸ், ஒருவர் ஃபெயில். மிதியடி பழையபடி வண்டிக்குள் திரும்பியிருந்தது, ஸ்டாப்வாட்ச் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஆனாலும் அவன் கைக்கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டான், ஒரே நாளில் யாரும் திருந்திவிட மாட்டார்கள். தண்ணீர் பாட்டில்கள் அவன் இடது காலைச் சுற்றி உருண்டன. பாலும் பழமும் அவன் மடியில். சிவப்பு வாளியும் அவன் மடியில். ஐஸ் பெட்டி மூன்றாவது தூண் பக்கத்தில் காலியாக உட்கார்ந்திருந்தது. காவலாளி பிறகு எடுத்துவைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"இப்ப யாருக்கு டாட்டா காட்டுறது?" என்றாள் பெரியவள்.

நாலு பேரும் பார்த்தார்கள். தூணடியில் வேறு யாரும் இல்லை. வாண்டுதான் முதலில் கையை ஆட்டியது. பிறகு பெரியவள். பிறகு, கொஞ்சம் தயங்கி, அவனும் அந்த நீல மூடியைப் பார்த்துக் கையை ஆட்டினான். மனைவி ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

பெரிய சாலையில் ஏறும் முதல் திருப்பம். எதிரே ஒரு டேங்கர் வளைந்து வந்தது. எங்கிருந்தோ 'டப்' என்று சத்தம். என்ன சத்தம் என்று தேடிய பிறகுதான் அது தன் வலது கால் என்று அவனுக்குத் தெரிந்தது. மிதியடியின் ஓட்டைக்குள், அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்து, தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் அதை வைக்கவில்லை. அதுவாகப் போயிருந்தது.

அவன் வாயைத் திறந்தபடி தன் காலைப் பார்த்தான்.

"அங்க பிரேக் இல்லைங்க," என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும்," என்றான். காலை எடுக்க முடியவில்லை.

எட்டு வருஷத்தில் அவன் எத்தனையோ தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். சொன்ன ஒரு தடவைகூட வேகத்தைக் குறைத்ததில்லை. அவள் குறைத்தாள்.